விடியும் வரையிலான உரிமை

இந்தியக் குற்றச் சட்டம் வானத்தைப் பார்த்துப் பேசும் இடங்கள் அதிகமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆவது பிரிவு அவற்றில் ஒன்று. உடைமையைக் காக்கப்போகிறவர் எந்தச் சமயத்தில் எதிராளியின் உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்பதை அது நான்காகப் பிரித்துச் சொல்கிறது. கொள்ளை ஒன்று. ஆள் குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் இடத்துக்கோ தீயோ வெடியோ வைப்பது ஒன்று. தடுக்காவிட்டால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் திருட்டு, நாசவேலை, அத்துமீறல் ஒன்று. மிச்சமுள்ள ஒன்றில்தான் சூரியன் வருகிறது: பொழுது சாய்ந்த பின், பொழுது விடியும் முன், வீடுடைத்து நுழைதல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் வாசகம் இது. அதற்கு முன்பு, 1862இலிருந்து, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆவது பிரிவில் ‘இரவில் வீடுடைத்தல்’ என்று இருந்தது. இரவு என்றால் அங்கும் அந்திக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம்தான்.

மற்ற மூன்றுக்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. சூரியன் வரும் இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே சுவர், அதே கடப்பாரை, அதே ஆள். மாலை நாலு மணிக்குச் சுவரை இடித்து உள்ளே வந்தால், வீட்டுக்காரருக்கு உயிர்ப்பயம் நியாயமாக உண்டாயிற்றா என்று நீதிமன்றம் கேட்கும். எட்டு மணிக்கு வந்தால் இந்த உட்பிரிவின் வாசகம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. (தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிற 37ஆவது பிரிவின் கடிவாளம் இரவுக்கும் பகலுக்கும் பொது. வீடு புகுந்தவனை என்ன செய்தாலும் சட்டம் கேட்காது என்று சொல்லித் திரிபவர்கள் பாதிப் பக்கம் படித்தவர்கள்.) இன்னொரு விநோதமும் உண்டு. திறந்து கிடந்த கதவு வழியே, யார் மேலும் கை வைக்காமல் நுழைந்தவன் சட்டத்தின் கணக்கில் வீடுடைத்தவன் ஆவதில்லை, அத்துமீறியவன்தான். கோடையில் காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருப்பவர், கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுப் படுத்தவரைவிட ஒரு படி குறைவான உரிமையோடு தூங்குகிறார்.

சூரியனை இந்த வழக்குக்குள் இழுத்தது, தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதிய மெக்காலே குழு அல்ல. அது மிகப் பழைய வழக்கம். விவிலியத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், கன்னமிட்டு நுழையும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்துவிட்டிருந்தால் பழி உண்டு. ரோமில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல விட்டது. பகல் திருடனை, அவன் ஆயுதம் எடுத்து எதிர்த்தால் மட்டும். அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதிய கேயஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் ஒரு நிபந்தனையையும் குறித்து வைத்திருக்கிறார்: கொல்கிறவன் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஊர் கேட்கும்படி.

இந்தச் சத்தம் போடும் நிபந்தனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரவுக்கு ஏன் தனி உரிமை என்பதற்கான விடை அதற்குள் இருக்கிறது. இருட்டில் வந்தவன் யார், எத்தனை பேர், கையில் என்ன, எதற்கு வந்தான் என்பது எதுவும் தெரியாது. பகலில் கூப்பிட்டால் வரும் பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார். தெரியாமையும் தனிமையும் சேர்ந்த அந்த நிலைக்குத்தான் பழைய சட்டங்கள் ஒரு சலுகை கொடுத்தன. வீட்டின் மதிப்புக்கோ உள்ளே இருக்கும் நகைக்கோ கொடுக்கவில்லை. சத்தம் போட்டவுடன் அந்தத் தனிமை கொஞ்சம் குறைகிறது, வந்தவனுக்கும் ஓட ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. உண்மையாகவே பயந்தவன் கத்துவான், பதுங்கிக் காத்திருந்தவன் கத்தமாட்டான் என்கிற மனிதக் கணக்கும் அதில் இருக்கலாம்.

நம் சட்டத்துக்கும் இருட்டைப் பற்றி நன்றாகவே தெரியும். பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன எடுத்துக்காட்டுக் கதைகளை எழுதி வைப்பது இந்தச் சட்டத்தின் பாணி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 98ஆவது பிரிவுக்குக் கீழே இருந்த ஒன்று இப்போது சன்ஹிதாவின் 36ஆவது பிரிவுக்கு வந்திருக்கிறது. ஏ என்பவன், தான் நுழைய முழு உரிமையுள்ள ஒரு வீட்டுக்குள் இரவில் நுழைகிறான். இஸட் அவனைத் திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பித் தாக்குகிறான். இஸட் செய்தது குற்றமில்லை. ஆனால் ஏவுக்கும், தெரிந்தே தாக்கும் ஒருவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவும் இஸட்டிடமிருந்து காத்துக்கொள்ள உண்டு. அவ்வளவுதான் கதை. யார் ஜெயித்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று சட்டம் சொல்லவில்லை.

சிறுகதை எழுதுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய சுருக்கம் இது. இரண்டு நிரபராதிகள், ஒரே இருட்டு, இருவர் கையிலும் சட்டம் கொடுத்த உரிமை. காலையில் ஒருவர் பிணமாகக் கிடந்தாலும் குற்றவாளி என்று யாரும் இல்லாமல் போகலாம். உலகத்தில் இது கதையாக நின்றுவிடவில்லை. 1992 அக்டோபரில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பிய பதினாறு வயது ஜப்பானிய மாணவன் வீடு மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து நிற்கச் சொன்னார். பையன் நிற்காமல் அருகே வந்தான். சுட்டார். அடுத்த ஆண்டு நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பின்னால் உரிமையியல் வழக்கில் அவர் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே செயல் ஒரு நீதிமன்றத்தில் குற்றமில்லை, இன்னொன்றில் பொறுப்பு உண்டு. முரண்பாடு மாதிரித் தெரிந்தாலும் எனக்கு இரண்டாவது தீர்ப்பு ஆறுதல் தருகிறது. பயந்தவனைச் சிறையில் போட வேண்டாம்; ஆனால் அவன் பயத்துக்கு ஒரு பையன் விலை கொடுத்திருக்கிறான் என்பதை யாராவது எழுத்தில் பதிய வேண்டும்.

திருடன் என்று நம்பி ஆளைக் கொல்வதைப் பற்றித் தமிழில் பேசும்போது மதுரையை விட்டுவிட்டுப் பேச முடியாது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நாம் அரசன் தவறிழைத்த கதையாகவும் பொற்கொல்லனின் வஞ்சகமாகவும் படித்துப் பழகிவிட்டோம். அதில் கொலைக்குச் சற்று முன்பு நடப்பதைத் தனியே எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கப் பொற்கொல்லன் கையில் எடுப்பது சாட்சியத்தை அல்ல, கதைகளை. திருடர்களுக்கு மந்திரம் தெரியும், மருந்து தெரியும், நிமித்தம் தெரியும் என்று அடுக்குகிறான். விளக்கு நிழலில் ஒளிந்து இளவரசனின் படுக்கையறைக்குள்ளேயே போய் ஆரத்தைக் கழற்றிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். உடனே காவலர்களில் இளையவன் ஒருவனுக்குத் தன் கதை நினைவுக்கு வருகிறது: ஒரு மழைக்கால நள்ளிரவு, ஊர் உறங்கும் நேரம், நீல உடை, கையில் உளி, புலி மாதிரி எதிரே வந்தவன், தான் வாளை உருவ, அவன் அந்த வாளையே பறித்துக்கொண்டு மாயமானது. இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கோவலன் செத்தது பகலில். கண்ணகி பிறகு சூரியனைப் பார்த்துத்தான் தன் கணவன் கள்வனா என்று கேட்கிறாள், வானத்தில் சூரியன் இருக்கிறது. இருட்டே இல்லாத இடத்துக்கு யாரோ ஒருவனின் பழைய இருட்டைக் கொண்டுவந்து பரப்பினால் போதும், எதிரில் நிற்பவனின் முகம் தெரியாமல் போய்விடும் என்பதை இளங்கோ கண்டுவைத்திருக்கிறார். மதுரைக்காஞ்சியும் மதுரையின் இரவுத் திருடர்களைச் சொல்கிறது: இடுப்பில் சுற்றிய நூலேணி, நிலம் தோண்டும் உளி. அவர்களைப் பிடிக்கும் ஊர்காவலரின் கல்வித் திறமையையும் அது சொல்கிறது. படித்த காவலர் ஒரு நூலில், குடித்த காவலர் ஒரு நூலில். ஒரே ஊர்.

மெக்காலே குழு 1837இல் தன் வரைவை ஒப்படைத்தபோது தற்காப்பு உரிமையைத் தாராளமாக வைத்ததற்கு ஒரு விளக்கம் எழுதியது. இந்நாட்டு மக்கள் கொள்ளைக்காரருக்கும் முரடருக்கும் அளவுக்கு மீறி அடங்கிப்போகிறார்கள், எதிர்த்து நிற்கும் தைரியத்தை ஊட்டுவதுதான் இங்கே தேவை என்பது அதன் சாரம். நம்மைக் கோழைகள் என்று சொல்லிவிட்டு நமக்கு உரிமை கொடுத்தார்கள். 1860இல் அது சட்டமானது. 1878இல் அதே அரசு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, எதிர்த்து நிற்கச் சொன்னவர்களின் கையிலிருந்ததைப் பிடுங்கியது. இடையில் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கு நீண்டது. மதுரைச் சீமையில் பதிவு செய்யப்பட்ட ஆண்கள் ரேகை வைத்துவிட்டு இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டு துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வீட்டுக்காரரின் இரவு என்று சட்டம் ஒன்றை வகுத்திருந்ததே, அந்த மனிதர்களுக்கு அந்த இரவே மறுக்கப்பட்டது. அவர்களும் வீட்டுக்காரர்கள்தான். தன் வீட்டில் பெண்டு பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுச் சாவடியில் படுத்திருப்பவன் யாரை எதிர்த்து எதைக் காப்பான்? அந்தக் கேள்வியைச் சென்னை மாகாணம் 1947வரை கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படியெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளையில் இரவு படுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்து வீடு என்பது இரண்டு காடு தள்ளி. பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ. வீட்டில் இரண்டு கிழங்கள், ஒரு நாய். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே இப்படிப்பட்ட ஒரு வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போயிருந்தபோது, தூரத்து உறவில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம் இந்தச் சட்ட நியாயத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது பெரியப்பா, ஓடுகிறவனை விட்டுவிட வேண்டும் என்று. பொறுமையாகக் கேட்டார்.

“நீ என்னாரு, எதுக்கு வந்தீன்னு கேட்டுப்போட்டு அடிக்கறதுக்கு அவன் என்ன விருந்தாளியா கண்ணு?” என்றார். “நடுச்சாமத்துல வாரவன் மோர் குடிச்சுட்டுப் போகவா வாரான்?”

எனக்குப் பதில் இல்லை. உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம்தான் நிற்கிறது என்று சொல்லலாம். ஆபத்தில் இருப்பவன் ஒவ்வொரு அடியையும் பொன் நிறுக்கும் தராசில் வைத்து அளந்து அடிக்க முடியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்பின் விதிகளைத் தொகுத்தபோது, தவிர்க்க முடியாத ஆபத்தின் முன்னால் கோழையாக நடந்துகொள்ளும்படி சட்டம் யாரையும் கேட்கவில்லை என்ற நிலையையே எடுத்தது. தற்காப்பு என்று சொல்பவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கக் கூடும் என்று காட்டினால் போதும். நல்லெண்ணத்தோடு அளவு மீறிக் கொன்றுவிட்டாலும்கூடக் கொலைக் குற்றத்தின் முழுச் சுமை அவர்மேல் விழுவதில்லை; அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பயந்த மனிதனிடம் நம் சட்டம் கருணையோடுதான் பேசுகிறது.

ஆனால் பெரியப்பா அடுத்து ஒன்று சொன்னார். படுக்கப் போகும் முன் கேட்டுக்குக் கரண்டு கொடுத்துவிட்டால் என்ன, காட்டுப்பன்னிக்குக் கொடுப்பது மாதிரி. அந்த இடத்தில் நான் அவர் பக்கத்திலிருந்து விலகிவிடுவேன். பயம் அவருடையது, ஆனால் கம்பிக்குப் பயம் கிடையாது. அது கத்தாது. வந்தது திருடனா, மாட்டைத் தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரனா, குடித்துவிட்டு வழி தவறிய சொந்தத் தம்பி மகனா என்று ஒரு கணம்கூடத் தயங்காது. தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்று சொன்னால் அளக்க அங்கே ஆள் வேண்டுமே. பன்றிக்கு வைத்த கம்பியில் ஆட்கள் சாவது நமக்குப் புதிய செய்தியும் அல்ல.

இந்தக் கம்பிக்கு ஒரு நீண்ட வம்சம் உண்டு. இங்கிலாந்தில் பண்ணையார்கள் தோட்டத்தில் கயிறு கட்டி, இடறினால் வெடிக்கும் பொறித்துப்பாக்கிகளை வைத்தார்கள். சுவர் சூழ்ந்த தோட்டத்தில் துலிப் பூக்களைக் காக்க ஒருவர் அப்படி வைத்திருந்தார். தப்பிப்போன மயிலைப் பிடித்துக் கொடுக்கச் சுவரேறிக் குதித்த இளைஞன் ஒருவன் முழங்காலில் சுடப்பட்டான். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. 1828இல் தீர்ப்பு அவனுக்குச் சாதகமானது. அதற்கு முந்தின ஆண்டே நாடாளுமன்றம் பொறித்துப்பாக்கியைத் தடை செய்துவிட்டிருந்தது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: குடியிருக்கும் வீட்டுக்குள், அந்தியிலிருந்து விடியல் வரை, வைக்கலாம். 1861ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்ந்தது. மறுபடியும் சூரியன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஆளில்லாத பாழடைந்த பண்ணை வீட்டின் படுக்கையறைக் கதவில் பொறித்துப்பாக்கி கட்டிவைத்த தம்பதி, பழைய பாட்டில்களைத் திருட வந்து கால் சிதறிய ஒருவனுக்கு முப்பதாயிரம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 1971இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. திருடனுக்கு இழப்பீடா என்று அமெரிக்காவே கொதித்தது. தாங்களே அங்கு இருந்திருந்தால் எதைச் செய்யச் சட்டம் விடாதோ அதை ஒரு எந்திரத்தை வைத்துச் செய்ய முடியாது என்பதுதான் தீர்ப்பின் உள்ளடக்கம். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இங்கிலாந்தை இரண்டாக்கிய வழக்கு அதற்குப் பின்னால் வந்தது. நார்ஃபோக்கில் எம்னெத் ஹங்கேட் என்ற ஊரில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி தனியாக வாழ்ந்தார். 1999 ஆகஸ்ட் 20 இரவு இரண்டு பேர் வீட்டை உடைத்து நுழைந்தார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியால் இருட்டில் சுட்டார். ஒருவர் காயத்தோடு தப்பினார். மற்றவன் முதுகில் குண்டு பாய்ந்து செத்தான். அவனுக்குப் பதினாறு வயது. 2000இல் கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை. ஊரே கிளர்ந்தது. பத்திரிகைகள் அவரைக் கிராமப்புற இங்கிலாந்தின் தியாகியாக்கின, காவல்துறை எட்டிப்பார்க்காத ஊர்களின் கோபம் எல்லாம் அவர் முகத்தில் வந்து சேர்ந்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலையைக் குறைத்து, தண்டனையை ஐந்து ஆண்டாக்கியது. ஆனால் தற்காப்பு என்ற வாதத்தை ஏற்கவில்லை. மனநல மருத்துவர்களின் சாட்சியத்தின் பேரில், அவருக்குப் பிறரைச் சந்தேகித்து அஞ்சும் ஆளுமைக் கோளாறு இருந்தது என்பதால்தான் குறைத்தது.

அவரை ஆதரித்தவர்கள் யாருக்கும் இது பிடித்திருக்காது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ‘அவர் செய்தது சரி’ என்ற வாக்கியம். கிடைத்ததோ, ‘அவருடைய பயம் ஒரு நோய்’. இந்தத் தீர்ப்பை நான் இரண்டு மனதோடுதான் பார்க்கிறேன். பலமுறை திருட்டுக் கொடுத்ததாகச் சொல்லும், தனியாக வாழும் ஒருவருக்கு எவ்வளவு பயம் இயல்பு, எந்த இடத்திலிருந்து நோய்? பல்லடத்துச் சம்பவத்துக்குப் பிறகு என் பெரியப்பாவைப் பரிசோதித்தால் மருத்துவர் என்ன எழுதுவார்? ஆனால் முதுகில் பட்ட குண்டு முதுகில் பட்ட குண்டுதான். பிறகு அங்கே சட்டத்தை வீட்டுக்காரருக்குச் சாதகமாக இளக்கினார்கள். 2013இல் வந்த திருத்தம், வீடு புகுந்தவனிடம் காட்டும் பலம் மிதமிஞ்சியதாக இருந்தாலும் பரவாயில்லை, கண்மண் தெரியாத மிதமிஞ்சலாக இருக்கக் கூடாது என்றது. 2016இல் உயர் நீதிமன்றம் அதை விளக்கும்போது, இது தாராள அனுமதிச் சீட்டு அல்ல, அந்தச் சூழ்நிலையில் செய்தது நியாயமானதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. பத்தாண்டு அரசியல் கூச்சலுக்குப் பிறகு ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு இதைவிட மகிழ்ச்சியான வழக்கு ஒன்று இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தென்காசிப் பக்கம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், இரவில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை முகமூடி அணிந்த ஒருவன் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான். உள்ளிருந்து வந்த மனைவி செருப்பை எடுத்து வீசினார். பிறகு இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளால் அரிவாள்களை எதிர்கொண்டார்கள். வந்த இருவரும் ஓடினார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கையால் விருது கொடுத்தார்கள். அந்தக் காட்சியில் சட்டத்துக்குக் கேட்க எதுவும் இல்லை. விளக்கு எரிகிறது, அரிவாள் தெரிகிறது, எத்தனை பேர் என்று தெரிகிறது, அவர்கள் ஓடியதும் அடி நிற்கிறது. கூடவே அந்த அம்மா விடாமல் கத்துகிறார் என்பது படத்தில் ஒலி இல்லாமலே தெரியும். ரோமானியச் சட்ட அறிஞர் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்.

அவசரமாகக் கடந்துபோக விரும்பும் ஒரு காட்சி உண்டு, கடக்க முடியவில்லை. பிடிபட்டவனை மின்கம்பத்தில் கட்டி வைத்து ஊரே அடிக்கும் காட்சி. நுழைந்தபோது இருட்டாக இருந்திருக்கலாம், அடிக்கும்போது விடிந்திருக்கிறது. சட்டம் இதில் மிகத் தெளிவு. தனிநபர் ஒருவர் திருடனைப் பிடிக்கலாம்; ஆனால் தேவையற்ற தாமதமின்றி, புதிய நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டப்பட்டவன் யாருக்கும் ஆபத்து அல்ல என்பதால் அதன் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் வெறும் அடிதான். 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து கையைக் கட்டிப் படமெடுத்து அடித்துக் கொன்றார்கள். வீடும் இல்லை, இரவும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி அடித்ததில் ஒரு மூதாட்டி செத்துப்போனார். பொற்கொல்லனின் வேலையை அந்த முறை வாட்ஸ்அப் செய்தது.

என் பெரியப்பாவின் நடுச்சாமத்துக்குக் கொடுத்த உரிமையை இவர்களுக்கும் நீட்டிக்கும் பேச்சு இப்போது பெருகியிருக்கிறது. என் வீடு, என் சொத்து, நுழைந்தால் எதுவும் செய்வேன் என்பது அதன் சுருக்கம். பயம் அதிலிருந்து கழன்றுவிட்டது. உரிமையாளன் மட்டும் மிச்சம். சட்டத்தின் வாசகமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். வீடுடைத்தல் என்றால் நம் சட்டத்தில் ஆள் வசிக்கும் வீடு மட்டுமல்ல. வழிபாட்டு இடமும் பொருள் வைக்கும் கட்டடமும் அதில் சேரும். ஆளில்லாத நெல் கிடங்கின் சுவரை இரவில் இடித்தவனும் 41ஆவது பிரிவின் அந்த உட்பிரிவுக்குள்தான் வருகிறான். அங்கே யாருடைய தூக்கம், யாருடைய பயம்?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நள்ளிரவில் கைபேசி அதிர்கிறது. கேமராவில் வளவுக்குள் ஒருவன் நடக்கிறான். முகம் தெரிகிறது, தனியாக வந்திருக்கிறான், கையில் ஒரு சாக்கு மட்டும் என்பதும் தெரிகிறது. வீட்டுக்காரர் உயிருக்கு ஆபத்து இல்லை, அவர் இருப்பது கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அவர் காவல் நிலையத்தைக் கூப்பிடலாம். தெருவில் இருக்கும் சொந்தக்காரரையும் கூப்பிடலாம். பிறர் உடைமையைக் காக்கும் உரிமையையும் சட்டம் 35ஆவது பிரிவில் கொடுத்திருக்கிறது. சொந்தக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அவர் கையில் சூரியன் மறைந்ததிலிருந்து சட்டம் கொடுத்துவைத்த முழு உரிமையும் இருக்கிறதா? வாசகப்படி, தேவைக்கு மேல் கூடாது, அரசு அதிகாரிகளை நாட அவகாசம் இருந்தால் கிடையாது என்ற அந்த 37ஆவது பிரிவின் நிபந்தனைகளோடு, இருக்கிறது. என்னைக் கேட்டால், இருக்கக் கூடாது. உள்ளே ஆள் தூங்கும் வீட்டுக்கும் பூட்டிய வீட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட 2023இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ‘இரவு’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு அந்தியையும் விடியலையும் எழுதினார்கள். கிடங்கு கிடங்காகவே அதற்குள் இருக்கிறது.